மூடிக்குள் ஒரு பல்பு

வீட்டில் உள்ள உபகரணங்களுக்குள் மிகச் சுலபமானது எது என்று கேட்டால், டார்ச் விளக்கு என்று பெரும்பாலோர் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். குழாய் போன்ற ஓர் உடல், அதற்குள் இரண்டோ மூன்றோ பேட்டரிக் கட்டைகள், ஒரு முனையில் பல்பும் கண்ணாடியும், நடுவே ஒரு சுவிட்ச். தள்ளினால் எரியும், இழுத்தால் அணையும். இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பதே பொதுவான எண்ணம். நடுநிசியில் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போகிற குடியானவரும், மின்சாரம் நின்றவுடன் அலமாரியைத் துழாவுகிற பட்டணத்துக் குடும்பஸ்தரும் இந்த எண்ணத்தில் வேறுபடுவதில்லை. ஆயினும், பல வருஷங்கள் ஒரே டார்ச்சைக் கையாண்டு, மேல்முலாம் பெயர்ந்து பித்தளை தெரியும் அளவுக்கு அதைத் தேய்த்துவிட்ட ஒருவரிடம், அதன் அடிமூடியைத் திருகிக் கழற்றி, சுருள் கம்பியின் நடுவே பத்திரமாகச் செருகி வைத்திருக்கும் மாற்றுப் பல்பை எடுத்துக் காட்டினால், இது எப்போது வந்தது என்றுதான் கேட்பார். அத்தனை வருஷங்களும் அந்தப் பல்பு அவருடனேயே வாய்க்காலுக்கும் வரப்புக்கும் போய்வந்திருக்கிறது. பல்பு போய்விட்டதென்று சலித்துக்கொண்டு இருட்டில் தட்டுத் தடுமாறி அவர் வீடு திரும்பிய இரவிலும் அது அவர் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இழைப் பல்பு எரிந்த காலத்து உலோக டார்ச்சுகள் பலவற்றில் இந்த ஏற்பாடு இருந்தது. அதோடு நிற்கவும் இல்லை. கண்ணாடியைப் பிடித்து நிற்கும் வளையம் பல டார்ச்சுகளில் வட்டமாக இல்லாமல் ஆறு பட்டையாகவோ எட்டுப் பட்டையாகவோ இருப்பதை அலங்காரம் என்று நினைத்து நாம் கடந்துபோகிறோம்; மேஜைமீது படுக்கவைத்தால் உருண்டோடிக் கீழே விழாமலிருக்கச் செய்த யுக்தி அது. தலைப்பகுதியைத் திருகினால் முன்னும் பின்னும் நகரும் வகைகளும் உண்டு. பல்பைச் சூழ்ந்திருக்கும் பளபளப்பான கிண்ணம் பரவளைய வடிவமுடையது. அதன் குவியத்தில் பல்பின் இழை சரியாக அமைந்தால் கிரணங்கள் ஒன்றுக்கொன்று இணையாகப் புறப்பட்டுத் தொலைவிலுள்ள தென்னையின் உச்சியைத் தொடும். இழை குவியத்திலிருந்து சற்றே விலகினால் அதே ஒளி விரிந்து பரவிக் காலடி மண்ணை அகலமாகக் காட்டும். தூரத்தே யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்கு ஒன்று, புல்லுக்குள் பாம்பு கிடக்கிறதா என்று பார்ப்பதற்கு மற்றொன்று என இரண்டு விளக்குகளை ஒரே உடலில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நாமோ தலை ஆடுகிறதே என்று ஒருமுறை இறுக்கி முறுக்கிவிட்டு, அதற்குப்பின் அதைத் தொடுவதே இல்லை.

அடிமூடியின் குழிவில் மடிந்து கிடக்கும் கம்பி வளையமும் இத்தகையதே. அதை நிமிர்த்தி உத்தரத்து ஆணியில் மாட்டினால் டார்ச் தலைகீழாகத் தொங்கிக் கீழே இருக்கும் இடத்துக்கெல்லாம் வெளிச்சம் தரும். இரண்டு கைகளும் வேலைக்கு விடுபட்டு நிற்கும். தட்டையான அடி உள்ள டார்ச்சை நிமிர்த்தி நிற்கவைத்துச் சுண்ணாம்பு அடித்த கூரைத்தளத்தை நோக்கி எரியவிட்டால், ஒரு சிறு வட்டமாகக் கண்ணைக் குத்தும் ஒளி மேலே பட்டுச் சிதறி, அறை முழுவதும் மங்கலாகவும் சீராகவும் பரவிச் சாப்பிடுவதற்கும் பேசிக்கொண்டிருப்பதற்கும் போதுமானதாகிவிடுகிறது. (ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் இது பலிக்காது, புகையேறிக் கறுத்த மேற்பரப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும்.) இத்தனை சௌகரியங்கள் இருந்தும், மின்சாரம் நின்ற வீட்டில் பையனை அழைத்து, "இதைப் பிடித்துக்கொண்டு நில்லடா" என்று கையில் கொடுப்பதுதான் நம் சம்பிரதாயம், பையன் கொஞ்ச நேரம் அடுப்பைக் காட்டுவான், பிறகு பூனையைக் காட்டுவான்.

சுவிட்சுக்கு அருகே துருத்திக்கொண்டிருக்கும் சிறு பொத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் இந்தக் கருவியின் பூர்வ கதையைச் சிறிது தொட வேண்டும். 1899-ஆம் ஆண்டு ஜனவரியில் டேவிட் மைசெல் என்பவர் குழாய் வடிவ மின்விளக்கு ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கான்ராட் ஹியூபர்ட் நடத்திய ஸ்தாபனம் அதைத் தயாரித்தது. அந்த ஸ்தாபனமே பிற்காலத்தில் எவரெடி என்ற பெயரால் நம் மூலை முடுக்குப் பெட்டிக்கடைகள் வரை வந்து சேர்ந்தது. அக்காலத்துக் கரியிழைப் பல்பு மின்சாரத்தை ஏராளமாகக் குடித்தது. மின்கலங்களுக்கோ தொடர்ந்து கொடுக்கும் சக்தி இல்லை. ஆகவே அந்த விளக்கு சில விநாடிகள் எரிந்து, ஓய்ந்து, மீண்டும் எரிய வேண்டியதாயிற்று. டங்ஸ்டன் இழை வந்து, மின்கலங்களும் தேறிய பின்னர்தான் தொடர்ந்து எரிவது சாத்தியமாயிற்று. ஆனால் அழுத்தினால் மட்டும் எரியும் பொத்தான் போய்விடவில்லை. ஒரு படியைத் தாண்டவோ, ஒரு பெயர்ப்பலகையைப் படிக்கவோ, எதிரே வருபவருக்கு அடையாளம் காட்டவோ அந்தக் கணநேர வெளிச்சமே போதும் என்பதால் அது நிலைத்தது. அதனுடன் பல டார்ச்சுகளின் சுவிட்சில் மூன்று ஸ்தானங்களும் அமைந்தன: முன்னே தள்ளினால் தொடர்ந்து எரியும், நடுவில் நிறுத்தினால் பொத்தான் வேலை செய்யும், முழுவதும் பின்னே இழுத்தால் பொத்தானும் செத்துப்போகும். இந்த மூன்றாவது ஸ்தானம் எதற்கு என்று நாம் யோசித்ததில்லை. பயணத்தில் துணிமணிகளுக்கிடையே பொத்தான் அழுந்தி, பெட்டிக்குள்ளேயே ராத்திரி முழுவதும் விளக்கெரிந்து கட்டைகள் தீர்ந்துபோவதைத் தடுப்பதற்காக அமைந்தது அது.

அமெரிக்க ராணுவத்தில் வியட்நாம் போர்க்காலத்தில் வழங்கிய எம்எக்ஸ்-991 என்ற கோணத்தலை டார்ச்சின் அடிப்பகுதியில் மாற்றுப் பல்போடுகூட வண்ண வில்லைகளும் அடங்கியிருந்தன. அவற்றுள் சிவப்பு வில்லையின் தத்துவம் போர்வீரருக்கு மட்டும் உரியதன்று. மங்கலான ஒளியில் பார்க்க நமக்கு உதவுபவை விழித்திரையிலுள்ள கோல் செல்கள். இருட்டில் அவை முழுக் கூர்மையை அடைவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் வேண்டும். பளீரென்ற வெள்ளை வெளிச்சம் ஒருமுறை கண்ணில் பட்டால் அந்த அரை மணி நேரத்துப் பிரயாசை வீணாகிவிடும். அந்தச் செல்கள் ஆழ்ந்த சிவப்பு நிறத்தைப் பெரும்பாலும் உணர்வதில்லை. ஆகவே மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தால், சுற்றியுள்ள இருட்டு முன்போலவே கண்ணுக்குப் புலப்படும். நட்சத்திரம் பார்க்க மொட்டை மாடிக்குப் போகிறவர்கள் டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்வதும் இதனால்தான். தாள் அகப்படாத இடத்தில், சிறிய டார்ச்சின் முகத்தை விரல்களால் பொத்திக்கொண்டால் சதையினூடே கசியும் ஒளியும் செந்நிறமாகவே வெளிப்படும். உறங்குகிற குழந்தையை எழுப்பாமல் பாயைக் கடந்து போவதற்கு அது தாராளமாகப் போதும்.

கட்டைகளின் விஷயத்தில் நம் அலட்சியம் பொருள் நஷ்டமாகவே முடிகிறது. சாதாரணப் பேட்டரிக் கட்டையின் துத்தநாகக் குவளை உள்ளிருக்கும் பசையைத் தாங்கும் பாத்திரமாக இருப்பதோடு மின்சாரத்துக்காகக் கரைகிற பொருளாகவும் இருக்கிறது. எரிய எரியப் பாத்திரமே அரிக்கப்படுகிறது என்பதுதான் இதன் விபரீதம். தீர்ந்த கட்டைகளை அப்படியே விட்டுவைத்தால் சுவர் ஓட்டையாகி, பசை கசிந்து, சுருள் கம்பி துருவேறி, மூடியின் மரை இறுகி, ஒருநாள் டார்ச்சைச் சுவரில் அடித்தாலும் திறக்காது. ஆல்கலைன் வகையில் கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம்; வெள்ளைப் பொரியாகப் பூத்திருக்கும் அதைக் கட்டைகளை எடுத்துவிட்டு, எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்துக் காயவைத்தால் பல சமயங்களில் டார்ச் பிழைத்துவிடும். டார்ச்சை உபயோகிக்காத நாட்களில் கட்டைகளைக் கழற்றி வைப்பதே உத்தமம். கழற்றினால் அவசரத்துக்கு அகப்படாதே என்று அஞ்சுபவர்கள் இரண்டு கட்டை டார்ச்சில் ஒன்றைத் தலைமாற்றிப் போட்டுவைக்கலாம். ஒன்றின் ஒன்றரை வோல்ட்டை மற்றதன் ஒன்றரை வோல்ட் எதிர்த்து நிற்பதால் சுவிட்ச் தவறி நகர்ந்தாலும் மின்சாரம் ஓடாது. மூன்று கட்டை டார்ச்சில் இதைச் செய்யக்கூடாது. இரண்டு சேர்ந்து ஒன்றை எதிர்த்துத் தள்ளும். கட்டைகளை வெயிலில் காயவைக்கும் நம் வீட்டு வழக்கத்தைப் படித்தவர்கள் சிரித்து ஒதுக்குவதுண்டு. உஷ்ணத்தில் உள்ளே நடக்கும் ரசாயன வினை சற்று வேகமடைவதும், ஓய்ந்த கட்டை சிறிது நேரம் தலைதூக்குவதும் உண்மைதான். தீர்ந்துபோன துத்தநாகத்தை மட்டும் சூரிய பகவானாலும் திரும்பக் கொடுக்க முடியாது.

கண்ணெதிரே இருப்பதைக் காணாமற்போகும் இந்த சுபாவத்தை மனோதத்துவ நிபுணர்கள் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மானியரான கார்ல் டுங்கர் 1935-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஒரு சோதனை வருகிறது. மெழுகுவத்தியைக் கதவின்மேல் கண்மட்டத்துக்கு நிறுத்தி வைக்க வேண்டும். மேஜைமீது பல சாமான்களுக்கிடையே குண்டூசிகளும் தீக்குச்சிகளும் சிறு அட்டைப் பெட்டிகளும் கிடக்கின்றன. பெட்டியைக் கதவில் குத்தி அதன்மேல் வத்தியை நிறுத்துவதுதான் விடை. பெட்டிகளைக் காலியாகக் கொடுத்தபோது எளிதில் விடை கண்டார்கள். அவற்றுக்குள் சாமான்களை நிரப்பிக் கொடுத்தபோது பலர் திணறினார்கள். சாமான் நிறைந்த பெட்டி சாமான் வைக்கும் பெட்டியாக மட்டுமே தோன்றியதால், அதுவே ஒரு தட்டுமாகும் என்பது மனத்தில் படவில்லை. 2002-இல் யேல் சர்வகலாசாலையின் ரோஸன்பிலிட், கைல் என்ற இருவர் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார்கள். ஜிப், பூட்டு, தையல் இயந்திரம் முதலியவை எப்படி வேலை செய்கின்றன என்பது தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று மதிப்பிடச் சொல்லி, பின்னர் அதை விளக்கி எழுதச் சொன்னபோது, எழுதி முடித்தவர்கள் தாங்கள் முன்பு போட்டுக்கொண்ட மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். தினமும் தொடுவதையே அறிவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். தெரியாத பொருளாயிருந்தால் கேட்டாவது தெரிந்துகொள்வோம். தெரிந்ததென்று தீர்மானித்துவிட்ட பொருளைப்பற்றிக் கேட்பதற்கு வெட்கம்கூட வேண்டியதில்லை, கேள்வியே எழுவதில்லை.

மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் நியான் விளக்கு எரிய வேண்டுமானால் பிடியின் உச்சியிலுள்ள உலோகத் தொப்பியை விரலால் தொட்டிருக்க வேண்டும். மிகச் சிறிய மின்னோட்டம் உள்ளிருக்கும் பெரிய மின்தடையைக் கடந்து நம் உடல்வழியே தரைக்குச் சென்றால்தான் அது ஒளிரும். பிளாஸ்டிக் பிடியை மட்டும் பற்றிக்கொண்டு சாக்கெட்டில் நுழைத்து, விளக்கு எரியாததைக் கண்டு, "கரண்ட் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கம்பியில் கைவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். டார்ச்சில் மாற்றுப் பல்பை அறியாதவர் இருட்டில் நடப்பதோடு போயிற்று. இங்கே அறியாமையின் விலை வேறு.

ஆசாரியிடம் உள்ள உலோக டேப்பின் முனைக்கொக்கி லொடலொடவென்று ஆடுவதைக் கண்டு, பழையதாகிவிட்டதென்று சுத்தியலால் தட்டி இறுக்கியவர்களும் உண்டு. அந்த ஆட்டம் கொக்கியின் கனம் எவ்வளவோ சரியாக அவ்வளவுதான். பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்து அளக்கும்போது கொக்கி வெளியே நகர்கிறது. சுவரில் முட்டவைத்து அளக்கும்போது உள்ளே ஒதுங்குகிறது. இரண்டு விதத்திலும் கொக்கியின் கனம் கணக்கில் புகாமல் அளவு சரியாக வருகிறது. தட்டி இறுக்கிய அன்றிலிருந்து எல்லா ஜன்னலும் ஒரு மயிரிழை தப்பும். கட்டிங் பிளேயரின் மூட்டருகே வெளிப்புறத்தில் இருக்கும் வெட்டுப் பள்ளம் தடித்த கம்பியைக் கத்தரிப்பதற்கு. தையல் இயந்திரத்துச் சக்கரத்தின் நடுவே உள்ள குமிழைத் தளர்த்தினால் ஊசி அசையாமல் பாபினில் நூல் சுற்றலாம். அரிக்கேன் விளக்கின் இருபுறத்துத் தகரக் குழல்கள் கைப்பிடிக்கு ஆதாரம் மட்டுமென்று எண்ணுகிறோம், ஆனால் சுவாலைக்குக் காற்றைக் கொண்டுவரும் மார்க்கமே அவைதான், குளவி கூடு கட்டி அடைத்துவிட்டால் திரியை எவ்வளவு வெட்டினாலும் விளக்குப் புகையத்தான் செய்யும்.

இவற்றையெல்லாம் சொல்லி உபயோகிப்பவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது என்பது என் கட்சி. தையற்காரரும் ஆசாரியும் தம் கருவியின் சூட்சுமங்களை அறிந்திருப்பதற்குக் காரணம் அவர்கள் குறிப்புத்தாள் படித்தது அன்று. குருவின் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். டார்ச்சுக்கு அப்படி ஒரு குரு இல்லை. முன்பு கடைக்காரர் புதுக் கட்டைகளைத் தம் கையாலேயே போட்டு, மூடியைத் திருகி, பட்டப்பகலில் கடைக் கூரையை நோக்கி ஒருமுறை அடித்துக் காட்டிக் கொடுப்பார். கழற்றுவதையும் மாட்டுவதையும் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு உள்ளே இருப்பதும் கண்ணில் பட்டுவிடும். இப்போது பொருள் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வருகிறது. குறிப்பு எறும்பெழுத்து இங்கிலீஷில் இருக்கிறது. உறையைக் கத்தரிக்கும்போது குறிப்பும் இரண்டு துண்டாகிறது. ஐபிஎம் ஆராய்ச்சியாளர்களான ஜான் கரோலும் மேரி பெத் ராஸனும் 1987-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கணிப்பொறி உபயோகிப்பவர்கள் வேலையை முடிக்கும் அவசரத்தில் குறிப்புநூலைப் படிப்பதில்லை என்றும், படித்திருந்தால் அந்த வேலையே சீக்கிரம் முடிந்திருக்கும் என்றும் காட்டினார்கள். டார்ச்சின் அவசரமோ இன்னும் கொடியது. அதைப்பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய வேளையில் படிப்பதற்கு வெளிச்சம் இருப்பதில்லை.

எல்இடி வந்த பிறகு மாற்றுப் பல்புக்கு வேலையில்லாமற்போயிற்று. அதற்குப் பதிலாக ஒற்றைப் பொத்தானுக்குள் மூன்று பிரகாசம், மினுக்கு, அபாய சமிக்ஞை என்று ஐந்தாறு அம்சங்களைத் திணித்துவிட்டார்கள். பாதி அழுத்துவதற்கு ஒரு பொருள், முழுதும் அழுத்துவதற்கு ஒரு பொருள், அழுத்திப் பிடித்திருப்பதற்கு இன்னொரு பொருள். வெளியே பார்த்தால் எதற்கும் அடையாளமில்லை. பெரும்பாலோர் அதிகப் பிரகாசத்திலேயே எரித்து, ஒரு மணி நேரத்தில் மின்கலத்தைத் தீர்த்துவிட்டு, சரக்கு மட்டம் என்கிறார்கள். அலுமினிய உடல் கொண்ட பல டார்ச்சுகளில் அடிமூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாலே மின்சுற்று அறுந்துவிடும். மரையின்மேல் உள்ள ஆக்சைடுப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. பழைய சுவிட்சின் மூன்றாவது ஸ்தானம் செய்த வேலையை இப்போது இந்தக் கால் சுற்றுச் செய்கிறது. பழைய ஸ்தானமாவது கைக்குத் தட்டுப்பட்டது. இதற்கோ ஒரு கோடு, ஓர் அம்பு, ஒரு புள்ளி என்று எந்தக் குறியும் மூடியின்மேல் கிடையாது. குறி போடுவதற்குச் செலவாகும் என்று யாரும் சொல்ல முடியாது.

குறி போட்டுவிட்டால் ஜனங்கள் பார்த்துவிடுவார்கள் என்று நான் முடித்திருப்பேன். கார் ஓட்டுகிறவர்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. போர்டு மோட்டார் கம்பெனியில் வேலைபார்த்த ஜிம் மாய்லன் என்பவர், கம்பெனிக் கார் ஒன்றுக்குப் பெட்ரோல் போடப் போய், டாங்க் மூடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவறாக நிறுத்தி, மழையில் நனைந்து, 1986-இல் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார்: பெட்ரோல் அளவுகாட்டியின் அருகே மூடி இருக்கும் பக்கத்தைச் சுட்டி ஒரு சிறு அம்பு போடலாமே என்று. 1989-ஆம் வருஷ மாதிரிக் கார்களில் அந்த அம்பு வந்தது. பின்னர் மற்றக் கம்பெனிகளும் அதை எடுத்துக்கொண்டன. இன்று நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே, விளக்கோடு, எந்தப் பாஷையும் வேண்டாத அடையாளமாக இருக்கிறது. அப்படியிருந்தும், இரவல் வாங்கிய காரோடு பெட்ரோல் பங்குக்குள் நுழைகிறவர், வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, கழுத்தை வெளியே நீட்டிப் பின்பக்கத்தைப் பார்த்து, தெரியாமல், பம்ப்பில் நிற்கும் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, மூடி எந்தப் பக்கம் இருக்கு, பார்த்துச் சொல்லப்பா" என்கிறார். பையனும் சுற்றிவந்து பார்த்துச் சொல்கிறான்.